நாலாவது இடத்தில் யார்?

அத்தியாயம் 17

ரௌஷானைப் போன வாரம் பஸ் நிறுத்தத்தில் நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டேன். கரகண்டாவில் பிப்ரவரி மாதம், பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு டிகிரி. ஒரு வாரம் அந்தக் குளிரில் ஒரு பெண் நிற்பாளா என்று நீங்கள் என்னைத் திட்டியிருப்பீர்கள். திட்ட வேண்டாம், அவளுக்கு ஐந்து நிமிஷம்தான் ஆகியிருக்கிறது.

கையில் போன். போனில் ஒரே ஒரு வரி. "ஆறு இடங்களும் நிரம்பியுள்ளன. காத்திருப்போர் வரிசையில் உங்கள் எண் ஏழு."

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்காக ஒரு நிமிஷம். ரௌஷான் முப்பத்தோரு வயது ஆராய்ச்சி மாணவி. புல்வெளியில் மண்டிக் கிடக்கும் மாசிபத்திரியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்திருக்கிறாள். உடம்பில் வீக்கத்தை உண்டாக்கும் ஒரு புரதத்தின் எந்தப் பள்ளத்தில் அது போய் உட்காருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். தனியாக வாங்க யாருக்கும் கட்டுப்படியாகாததால், ஊரின் மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே நேரத்தில் ஆறு பேர் உள்ளே இருக்கலாம். மற்றவர்கள் வாசலில் வரிசையாக நிற்க வேண்டியதுதான்; அந்த வரிசையில் ரௌஷானுக்கு முன்னால் ஆறு பேர்.

அவள் ஆய்வேட்டைப் படித்த பரிசோதகர், இன்னும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டார். விடை இன்று மாலை ஆறு மணிக்குள் பட்டம் கொடுக்கும் ஆய்வேட்டுச் சபைக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நவம்பருக்குத் தள்ளிப்போகும். அவளுடைய பதிவுக் காலமோ ஜூன் மாதத்தோடு முடிகிறது. நவம்பர் என்றால் பட்டமே இல்லை என்றுதான் அர்த்தம்.

சரி, அந்த ஆறு இடங்களையும் கட்டி மேய்ப்பது யார்? வேறு யார், நாத்தனார் கௌஹார்தான். ரௌஷானின் கணவனுக்கு மூத்தவள். டிசம்பர் மாதக் கறி விருந்திலிருந்து தம்பி மனைவியோடு பேச்சுவார்த்தை கிடையாது.

அந்த விருந்தில் நடந்ததை வாசகிகள் மறந்திருக்க மாட்டீர்கள். யார் தட்டில் எந்த எலும்பு என்பது இந்த ஊரில் எழுதாத சட்டம். வீட்டு மாப்பிள்ளைக்கு நெஞ்சுக்கறி. பரிமாறிய நம் மருமகள், மண்டை முழுக்க ஆய்வேடாக, அதைக் கொண்டுபோய்த் தன் வழிகாட்டி கெனெஸ்பெக் தட்டில் வைத்துவிட்டாள். கௌஹாரின் கணவருக்குக் கிடைத்தது ஏதோ ஒரு விலா. அன்றிலிருந்து கௌஹார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஐந்தாம் நம்பர் பஸ் ஆய்வகத்துக்கு. இருபத்து மூன்று நாத்தனார் ஆபீசுக்கு. இருபத்து மூன்று முதலில் வந்தது. ரௌஷான் கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிட்டாள்.

*

கௌஹாரின் அறைக் கதவைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே மாமியார் குல்பாஷ் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு டப்பா நிறையப் பொரித்த மாவுருண்டையோடு.

"வா, வா. நீ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நான் ரெண்டு பஸ் மாறி வந்துட்டேன்."

"நான் உங்கள வரச் சொல்லலையே அத்தை..."

"சொல்ல மாட்டேன்னு தெரிஞ்சுதானே வந்தேன்."

கௌஹார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அம்மா, உங்க மருமகள உட்காரச் சொல்லுங்க."

ரௌஷானும் சளைத்தவள் இல்லை. "அத்தை, அண்ணிகிட்ட கேளுங்க. எனக்கு ஒரே ஒரு இடம், அஞ்சு மணி நேரத்துக்கு."

"அம்மா, அவகிட்ட சொல்லுங்க. ஒரு இடத்த நாலு மாசமா வளைச்சு வெச்சுக்கிட்டு இன்னொண்ணு கேக்கறது நியாயமான்னு."

குல்பாஷ் டப்பாவை டொக்கென்று மேஜையில் வைத்தார். "முப்பது வருஷம் சுரங்கத்துல டெலிபோன் லைன் போட்டுக் குடுத்திருக்கேன். ரிட்டயர் ஆன பிறகு வீட்டுலயும் போடணுமா? மூஞ்சியப் பாத்துப் பேசுங்கடி!"

அறையில் இருந்த இன்னொரு ஊழியர் தேநீர் எடுக்கப் போவதாகச் சொல்லி நழுவிவிட்டார்.

"நாலு மாசமா நானா?" ரௌஷான் குரல் உயர்ந்தது. "அக்டோபருக்கு அப்புறம் நான் உள்ள போகவே இல்ல அண்ணி. எழுதிக்கிட்டு மட்டும்தான் இருக்கேன்."

கௌஹார் திரையைத் திருப்பினாள். ஆறு பெயர்கள். "நாலாவது பேரப் படி."

நாலாவது பெயர் ரௌஷான்தான். அக்டோபர் பத்தொன்பது முதல் தினமும் காலை ஏழரையிலிருந்து மாலை ஆறு வரை யாரோ விசையைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள், இரவிலும் மூடுவதில்லை. முதல் நாளுக்குப் பிறகு ஒரு கணக்குக்கூட ஓடவில்லை. சும்மா திறந்து கிடக்கிறது.

"இந்த மெஷின் எங்க இருக்கு?"

"உங்க பழைய கட்டடம். உலர்ந்த செடியெல்லாம் அடுக்கி வெச்சிருக்கற ரூம். காலையிலேர்ந்து நாலு தடவ போன் பண்ணிட்டேன். யாரோ ஒரு பொம்பள, 'இங்க ஆள் இருக்கு'ன்னு சொல்லி வெச்சுடறாங்க."

ரௌஷான் நாற்காலியில் சரிந்தாள். "ஐயோ. ஸினாயிதா பாவ்லோவ்னா!"

நடந்தது இதுதான். அக்டோபரில் ஒருநாள், சாப்பிடப் போகும் அவசரத்தில், செடி அறையைப் பார்த்துக்கொள்ளும் ஸினாயிதாவிடம் அவள் சொல்லியிருந்தாள்: "எனக்கு ஒரு இடம் பிடிச்சு வைங்க." எப்படித் திறப்பது என்று காட்டி, கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதித் திரையிலேயே ஒட்டியும் விட்டாள். அன்று மாலை கணக்கு முடிந்துவிட்டது. முடிந்ததை ஸினாயிதாவிடம் சொல்ல மறந்துபோனாள்.

ஸினாயிதாவோ ரொட்டிக்கும் செருப்புக்கும் வரிசையில் நின்று வளர்ந்தவர். முன்னால் நிற்கிறவர் 'பாத்துக்கோங்க' என்று சொல்லிவிட்டுப் போனால், அவர் திரும்பி வரும்வரை அந்த இடத்தை ஊரே வந்து கேட்டாலும் விடாத தலைமுறை அது.

ரௌஷான் போனை வாங்கிச் சுற்றினாள்.

"ஆள் இருக்கு," என்றது எதிர்முனை.

"நான்தான், ரௌஷான்!"

"எந்த ரௌஷான்? காலையிலேர்ந்து ஒருத்தி மாத்தி ஒருத்தி போன் பண்றாங்க, இடத்தப் புடுங்கறதுக்கு. எங்க ரௌஷான்னா, அவ சாயாவுல என்ன போட்டுக் குடிப்பா? சொல்லு பாப்போம்."

"உப்பும் பாலும். உங்களுக்குப் பிடிக்காது, குமட்டுதும்பீங்க."

"அடி என் கண்ணு! எங்கடி போயிட்டே? நாலு மாசமா இடம் காலியா வெச்சிருக்கேன், நீ வரவே இல்லையே!"

குல்பாஷ் முக்காட்டு நுனியை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கௌஹாருக்கும் உதடு துடித்தது. ஆனால் அவள் சிரிப்பை அடக்கிவிட்டாள்.

"மூடச் சொல்லாத," என்றாள் சட்டென்று. இரண்டு மாதத்தில் கோபமில்லாமல் சொன்ன முதல் வார்த்தை. "மூடினா அந்த இடம் வரிசையில முதல் ஆளுக்குப் போயிடும். நீ ஏழாவது. அங்க போய் அதே மெஷின்ல உட்காரு. உன் பேர்ல திறந்திருக்கு, நீயே ஓட்டு. ஓடு!"

ரௌஷான் எழுந்தாள். கதவு வரை போய்த் திரும்பினாள். "அண்ணி, அந்த நெஞ்சுக்கறி விஷயம்..."

"எந்த நெஞ்சுக்கறி?"

"மாப்பிள்ளைக்கு வைக்காம..."

"அதுக்காகவா நான் பேசலைன்னு நெனச்சே?" கௌஹார் வாய்விட்டே சிரித்துவிட்டாள். "அவருக்குக் கொலஸ்ட்ரால். டாக்டர் கொழுப்பே தொடக் கூடாதுன்னுட்டார். அன்னிக்கு விலா வந்ததுல மனுஷன் தப்பிச்சோம்னு இருந்தார். நான் கோவப்பட்டது இந்த நாலாவது இடத்துக்கு. மூணு கடிதம் போட்டேன், ஒண்ணுக்கும் பதில் இல்ல."

"எந்த முகவரிக்கு?"

"பல்கலைக்கழக முகவரிக்கு."

"அத நான் திறக்கறதே இல்லையே அண்ணி! அதுல சுற்றறிக்கைதான் வரும்."

"நல்ல குடும்பம்," என்றார் குல்பாஷ், கோட்டை மாட்டிக்கொண்டே. "ஒருத்தி போன்ல கேக்க மாட்டா, ஒருத்தி கடிதம் படிக்க மாட்டா. நட, டாக்சி புடிக்கலாம்."

*

செடி அறையில் ஹீட்டர் பாதிதான் வேலை செய்யும். ஸினாயிதா கோட்டும் தொப்பியுமாக அந்தப் பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு காலுறை பின்னிக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்து, நாற்காலியைக் கையால் துடைத்து, "இந்தா, உன் இடம்," என்றார்.

நாலு மாதம், தினமும் ஏழரை மணிக்கு, இந்தக் குளிரில். பழைய கட்டடத்துக்கு அத்தனை சீக்கிரம் வர ஸினாயிதாவுக்கு வேறு காரணமே கிடையாது.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீ எழுதிக்கிட்டிருந்தே. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இருந்தேன். வேணும்னா வருவேல்ல?"

ரௌஷான் அவரைக் கட்டிப்பிடித்து, அந்தத் தொப்பிக்கு மேலேயே ஒரு முத்தம் கொடுத்தாள். பிறகு உட்கார்ந்தாள். தயாராக வைத்திருந்த கோப்புகளை ஏற்றினாள். பன்னிரண்டு ஐம்பதுக்குக் கணக்கு ஓட ஆரம்பித்தது. முடிய நாலரை மணி நேரம் என்று காட்டியது. ஐந்து இருபது. ஆறு மணிக்கு நாற்பது நிமிஷம் மிச்சம். போதும்.

வழிகாட்டி கெனெஸ்பெக்கின் போன் வந்தது. "ஓடுதா?"

"ஓடுது சார்."

"நல்லது. விடை நமக்குத் தெரிஞ்சதுதான். நான் கட்டுரையில எழுதினேனே, அந்த முதல் பள்ளம். படத்தை மட்டும் சேர்த்து அனுப்பிடு."

மூன்று பெண்களும் டப்பாவைத் திறந்து மாவுருண்டை சாப்பிட்டார்கள். ரௌஷானுக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு பசித்தது. வாயில் மென்றுகொண்டே, "அத்தை, நீங்க மட்டும் இன்னிக்கு அங்க போகலைன்னா நான் வாசலோட திரும்பியிருப்பேன்," என்றாள்.

குல்பாஷ் ஜன்னலைப் பார்த்தார். மாமியார் வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் பெரிது என்று ஆறு வருஷத்தில் மருமகளுக்குத் தெரியும்.

"என்ன அத்தை?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா."

"அப்படின்னா சொல்லிடுவீங்க."

"சொல்லிடுவேன்." குல்பாஷ் பெருமூச்சு விட்டார். "மூணு மணிக்கு மூணு பல்கலைக்கழகமும் போன்ல கூட்டம் போடுது. நாலாவது இடத்துல சும்மா உட்கார்ந்திருக்கறது யாருன்னு ரெண்டு மாசமாக் கேட்டுட்டாங்க. கௌஹார் உன் பேரச் சொல்லல. பேரச் சொன்னா அந்த நிமிஷமே உன்ன வெளிய தள்ளிடுவாங்களாம், ஒரு வருஷத்துக்கு உள்ள விட மாட்டாங்களாம். சொல்லலைன்னா இவள அந்த வேலையிலேர்ந்து எடுத்துடுவாங்க. சொந்தக்காரிக்கு இடம் ஒளிச்சு வெச்சான்னு பேர் வேற. 'அவ கணக்கு முடியட்டும்மா, நான் பாத்துக்கறேன்'னுட்டா."

மணி இரண்டு ஐம்பத்தைந்து. திரையில் நாற்பத்தாறு சதவீதம்.

இரண்டு மாதமாக ரௌஷான் இந்த நாத்தனாரை மனசுக்குள் என்னென்ன சொல்லித் திட்டியிருக்கிறாள்! நாத்தனார் அதே இரண்டு மாதமும் இவளுக்காகப் பேச்சு வாங்கியிருக்கிறாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஐந்து இருபதுக்குக் கணக்கு முடியும். வசந்தத்தில் பட்டம். வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு.

"அத்தை, அந்தக் கூட்டத்துக்கு எனக்கு லைன் போட்டுக் குடுங்க."

குல்பாஷ் மருமகளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முப்பது வருஷ அனுபவம் சும்மாவா? முதலில் பல்கலைக்கழக அலுவலகம், அடுத்து துணைத் தலைவரின் செயலாளர், அப்புறம் யாரோ ஒருத்தியின் அத்தை மகள் என்று நாலு போனில் கூட்டத்துக்குள்ளேயே போய் நின்றுவிட்டார். "பேசு," என்று போனை நீட்டினார்.

"யாரது?" என்றது ஒரு கனத்த குரல். மூன்றாவது பல்கலைக்கழகத்தின் சாபித் ஓமரோவிச். புகார் கொடுத்தவரே அவர்தான்.

"நாலாவது இடத்துல இருக்கறது நான்தான் சார். என் பேர் ரௌஷான். தப்பு என்னோடது. இதுல..."

நின்றுவிட்டாள். கணவன் வீட்டு மூத்தவர்களின் பெயரை மருமகள் வாயால் சொல்வதில்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் நாத்தனாரைப் பெயர் சொன்னதில்லை. இப்போது முழுப் பெயரையும் சொல்லியாக வேண்டும். முழுப் பெயரில் காலமான மாமனாரின் பெயரும் சேர்ந்து வரும். மாமியார் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

குல்பாஷ் புரிந்துகொண்டார். "சொல்லு," என்று தலையை அசைத்தார். "அவரும் கேட்டா சந்தோஷப்படுவார்."

"இதுல கௌஹார் தொக்தாரோவ்னா மேல எந்தத் தப்பும் இல்ல சார்." வார்த்தை தெளிவாக வந்தது. "நான் ஒருத்தர இடம் பிடிச்சு வைக்கச் சொல்லிட்டு, போதும்னு சொல்ல மறந்துட்டேன். அவங்க மூணு தடவ எழுதினாங்க, நான் படிக்கல."

போனில் கௌஹாரின் குரல், ஈரமாக: "யாருடி உன்னப் பேசச் சொன்னது?"

"இப்ப அந்த இடத்துல என்ன ஓடுது?" என்றார் சாபித் ஓமரோவிச்.

"என் கணக்கு. பாதியில இருக்கு. இன்னிக்கு ஆறு மணிக்குள்ள சபைக்கு அனுப்பணும்."

"விதி தெரியுமா?"

"தெரியும் சார்."

"வெட்டிட்டு வரிசையில முதல் ஆளுக்குக் குடுக்கணும். முதல்ல யாரு?"

"உங்க மாணவி ஜதிராதான் சார்," என்றாள் கௌஹார். "திங்கக்கிழமையிலேர்ந்து நிக்கறா."

"இங்கதான் இருக்கா. அவ இடம், அவளே சொல்லட்டும். என்னம்மா?"

தூரத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "திங்கக்கிழமைலேர்ந்து நிக்கறேன் சார். இன்னும் ரெண்டரை மணி நேரம் நின்னா கால் உடைஞ்சுடாது. அக்கா முடிக்கட்டும்."

சாபித் ஓமரோவிச் தொண்டையைக் கனைத்தார். "சரி. முடிஞ்சதும் இடத்த விட்டுடணும். அதுக்கப்புறம் ஒரு வருஷம் இந்தப் பக்கம் வரக் கூடாது. கௌஹார் தொக்தாரோவ்னா மேல இருந்த புகார நான் திரும்ப வாங்கிக்கறேன்."

ரௌஷான் நன்றி சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது. ஸினாயிதா, பின்னிக்கொண்டிருந்த காலுறையையே நீட்டினார் துடைத்துக்கொள்ள.

*

ஐந்து இருபத்திரண்டுக்குக் கணக்கு முடிந்தது.

வேலை விட்டதும் டாக்சி பிடித்து கௌஹாரும் வந்து சேர்ந்திருந்தாள். நாலு பெண்களும் அந்தச் சின்னத் திரையை நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தார்கள். ரௌஷான் விடையைத் திறந்தாள். உடனே முகம் மாறியது.

"என்ன?" என்றாள் கௌஹார்.

"முதல் பள்ளத்துல இல்ல. பின்பக்கம் இருக்கற இன்னொரு பள்ளத்துல போய் உட்கார்ந்திருக்கு. சந்தேகத்துக்கே இடமில்ல."

"அது நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார் மாமியார்.

"எங்க சார் கட்டுரையில எழுதினது தப்புன்னு அர்த்தம் அத்தை. என் ஆய்வேட்டுல நாலாவது அத்தியாயமும் தப்பு."

இன்னொரு முறை போட்டுப் பார்க்க நேரமில்லை, இனி ஒரு வருஷம் இடமும் இல்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் போட்ட பழைய கணக்கின் படம் ஒன்று அவளிடம் இருக்கிறது. முதல் பள்ளத்தில் அழகாக உட்கார்ந்திருக்கும் படம். அதை அனுப்பினால் யாரும் கேட்கப் போவதில்லை. இந்த எண்ணம் அவளுக்கு வரவே இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவளாவேன். வந்தது. இரண்டு நிமிஷம் கூடவே உட்கார்ந்திருந்தது.

சுற்றிப் பார்த்தாள். நாலு மாதம் குளிரில் உட்கார்ந்தவர். இரண்டு பஸ் மாறி வந்தவர். வேலை போனாலும் பெயரைச் சொல்லாதவள். முகமே தெரியாத ஒரு ஜதிரா. இத்தனை பேர் சேர்ந்து வாங்கிக் கொடுத்த விடை இது. மாற்றி எழுத மனசு வரவில்லை.

கணக்கில் வந்ததை வந்தபடியே எழுதினாள். கீழே ஒரு வரி சேர்த்தாள்: "நாலாவது அத்தியாயத்தின் முடிவு இதனால் தவறாகிறது." சபைக்கு அனுப்பினாள், வழிகாட்டிக்கும் ஒரு பிரதி. மணி ஐந்து ஐம்பத்தொன்று. பிறகு சாஃப்ட்வேரை மூடினாள். ஒரு நிமிஷத்தில் கௌஹாரின் போனில் செய்தி வந்தது, ஜதிரா உள்ளே போய்விட்டாள் என்று.

"நல்லா இருக்கட்டும் அந்தப் பொண்ணு," என்றார் குல்பாஷ்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு ரௌஷானின் போன் அடித்தது. கெனெஸ்பெக். நாலு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கௌஹார் தம்பி மனைவியின் தோளில் கை வைத்தாள்.

"சார்?"

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார் போல. "ரௌஷான், இத வேற யாருக்காவது காட்டினியா?"

"சபைக்கு அனுப்பிட்டேன் சார்," என்றாள் ரௌஷான். "ஏழு நிமிஷம் ஆச்சு."